ஜன்னலை யார் துடைப்பது? லைப்சிக்கில் ஏழு ஆண்டுகள்

"குழந்தைக்கு ஒரு வயதுதானே ஆகிறது, அதற்குள் வேலைக்குப் போகப் போகிறீர்களா?" என்று ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் கேட்டார்கள். நாலு மாதம் கழித்து அதே குழந்தையைத் தூக்கிக்கொண்டு லைப்சிக் வந்தேன். "பதினாறு மாதம் ஆகிவிட்டதே, இன்னுமா வீட்டில் இருக்கிறீர்கள்?" என்று இங்கே கேட்டார்கள். நாடும் ஒன்று, மொழியும் ஒன்று. ஆனால் ஒரு தாய் காலை எட்டு மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்பதில் இரண்டு ஊருக்கும் ஒத்துப்போகவில்லை.

நான் கோயம்புத்தூர், சிங்காநல்லூர்ப் பக்கம். மென்பொருள் துறையில் வேலை. கணவருக்கு ஸ்டுட்கார்ட்டில் வேலை கிடைத்ததால் முதலில் அங்கே போனோம். 2017-ல் மூத்தவள் பிறந்தாள். 2018 செப்டம்பரில் இரண்டு பேருக்குமே லைப்சிக்கில் வேலை அமைந்தது, வந்துவிட்டோம். இது 1990 அக்டோபர் 3 வரை கிழக்கு ஜெர்மனியாக, அதாவது சோசலிச நாடாக இருந்த பகுதி என்பது தெரியும். அந்த நாடு போய் இத்தனை ஆண்டு ஆன பிறகும் நம் வீட்டுச் சமையலறை வரைக்கும் அது வரும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதலில் ஸ்டுட்கார்ட் இருக்கும் மேற்குப் பகுதியைப் பற்றிக் கொஞ்சம். ஸ்டுட்கார்ட்டில் நாங்கள் பார்த்த குழந்தைகள் காப்பகங்கள் பலவும் மதியம் இரண்டு மணிக்கு மூடிவிடும். அம்மா வீட்டில் இருப்பாள், அல்லது அரை நாள் வேலை பார்ப்பாள் என்ற நினைப்பில் அமைந்த நேரம் அது. சின்னக் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற தாய்க்கு ஜெர்மன் மொழியில் ஒரு வசவு உண்டு: ராபன்முட்டர். அண்டங்காக்கைத் தாய் என்று பொருள். முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்குப் புரியவே இல்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று கேட்டு வளர்ந்தவள் நான். இங்கே காக்கை குஞ்சைக் கைவிட்ட தாய்.

இந்த நினைப்புக்குப் பின்னால் சட்டமே இருந்திருக்கிறது. மேற்கு ஜெர்மனியில் 1977 வரை, குடும்பக் கடமைக்கு இடைஞ்சல் இல்லாத அளவுக்குத்தான் மனைவி வேலைக்குப் போகலாம் என்று குடிமைச் சட்டத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அதே காலத்தில் கிழக்கில் வேலைக்குப் போகாத பெண்ணைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். 1989-ல், படித்துக்கொண்டிருந்தவர்களையும் சேர்த்தால், வேலை வயதுப் பெண்களில் பத்துக்கு ஒன்பது பேர் வேலையில் இருந்தார்கள்.

லைப்சிக்கில் கிட்டா, அதாவது குழந்தைகள் காப்பகம், கிடைப்பது அப்போது குதிரைக்கொம்பு. ஒரு வயது முடிந்த குழந்தைக்கு இடம் கேட்க 2013 ஆகஸ்ட் முதல் நாடு முழுக்கச் சட்டப்படி உரிமை இருக்கிறது. ஆனால் உரிமை வேறு, இடம் வேறு. நகராட்சித் தளத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தோம், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் நேரில் போக ஆரம்பித்தோம். குழந்தையோடு, இரண்டு பேருமாக, ஒவ்வொரு காப்பகமாக. ஒன்பதாவது இடத்தில் கிடைத்தது. இப்போது வருகிறவர்களுக்கு நிலைமை பரவாயில்லை, பிறப்பு குறைந்ததால் இடங்கள் காலியாகின்றன. இருந்தாலும் நான் சொல்வது இதுதான்: கர்ப்பமாக இருக்கும்போதே பதிந்துவிடுங்கள், நேரில் போங்கள், மறுத்தால் அதை எழுத்தில் வாங்கி வையுங்கள். இடம் தராவிட்டால் வழக்குத் தொடர அந்தக் காகிதம் வேண்டும்.

கிட்டாவில் முதல் மூன்று வாரம் பழக்கும் காலம். முதல் நாள் ஒரு மணி நேரம் நானும் தரையில் உட்கார்ந்திருந்தேன். நாலாவது நாள் ஆசிரியை, "இப்போது வெளியே போங்கள், போகிறேன் என்று குழந்தையிடம் சொல்லிவிட்டுப் போங்கள்" என்றார். நைசாக நழுவிப் போவது நம் வழக்கம். அது கூடாதாம். சொல்லிவிட்டுப் போனேன், மகள் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பத்து நிமிடம் கழித்து எட்டிப் பார்த்தால், சின்னச் சின்னக் கட்டில்கள் வரிசையாகக் கிடந்த அறையில் யாருடைய காலுறையையோ கையில் மாட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து மாடிப்படியில் உட்கார்ந்து நான்தான் அழுதேன்.

அப்போது படி ஏறி வந்தவர்தான் மூன்றாம் மாடிப் பாட்டி. பாட்டிக்கு ஜெர்மனில் ஓமா. எங்கள் குழந்தைகள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, என்ன என்று கேட்டார். கிட்டா என்றேன். "நல்லது, பிள்ளைகளோடு பிள்ளையாக வளரட்டும்" என்றார். சாதாரண வார்த்தைதான். ஆனால் ஸ்டுட்கார்ட்டில் எவரும் எனக்கு அதைச் சொல்லவில்லை.

ஓமா 1943-ல் பிறந்தவர். 16 வயதில் இந்த ஊர் பருத்தி நூற்பாலையில் சேர்ந்து, மில் ஓட்டம் நிற்கும் வரை, 1993 வரை, அங்கேயே இருந்தார். லைப்சிகர் பவும்வோல்ஷ்பினராய் என்று அதற்குப் பெயர். 1884-ல் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 2,40,000 கதிர்கள் ஓடிய, ஐரோப்பிய நிலப்பரப்பிலேயே மிகப் பெரிய நூற்பாலை. தொழிலாளர் வீடுகள், தோட்டங்கள், குழந்தைகள் காப்பகம் எல்லாம் மில்லுக்குள்ளேயே உண்டு. கோயம்புத்தூர்க்காரிக்கு இதைச் சொன்னால் போதாதா? அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் மில் கதைதான்.

அவர் வாயிலாகத்தான் சோசலிச நாட்டில் பெண் எப்படி இருந்தாள் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. முதலில் நான் கேட்டவையெல்லாம் எனக்குச் சொர்க்கமாகத் தெரிந்தன. காலை ஆறு மணிக்கே காப்பகம் திறக்கும். கட்டணம் ஏறக்குறைய இல்லை, சாப்பாட்டுக்குச் சில்லறை. 1976 முதல் இரண்டாவது குழந்தைக்கும், 1986 முதல் முதல் குழந்தைக்கும் சம்பளத்தோடு ஒரு வருட விடுப்பு. விவாகரத்து சுலபம், கையில் சொந்தச் சம்பளம் இருப்பதால் யாரும் யாரையும் சகித்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. ஓமாவே 1984-ல் பிரிந்தவர்தான். பொறியாளர்களும் கிரேன் ஓட்டுநர்களும் அவர் காலத்துத் தோழிகள். அந்தத் தலைமுறைப் பெண்கள் இன்றும் தங்கள் தொழிலை ஆண்பால் சொல்லால்தான் சொல்வார்கள். மேற்கில் ஒரு பெண் "இஞ்சினியோரின்" என்று பெண்பால் விகுதி சேர்ப்பாள், கிழக்கில் "நான் இஞ்சினியோர்" என்பாள். வேலையில் ஆண் என்ன பெண் என்ன என்ற நினைப்பு. நம் மொழியில் பொறியாளர் என்றால் இரண்டு பேருக்கும் பொது என்று சொன்னேன். ஓமாவுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

ஆனால் சொர்க்கம் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இந்த விஷயத்தைப் பேசுகிறவர்கள் ஒன்று அந்த நாட்டைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், இல்லையென்றால் மொத்தமாகத் தூக்கிப் போடுகிறார்கள்.

ஓமாவின் மூத்த மகன் 1966-ல் பிறந்தான். அவருக்கும் கணவருக்கும் மூன்று ஷிஃப்ட் வேலை. குழந்தையை வோகன்கிரிப்பே என்ற வாரக் காப்பகத்தில் விட்டார்கள். திங்கள் காலை விட்டால் வெள்ளி மாலை கூட்டி வரலாம். ராத்திரியும் அங்கேதான். அப்படிப் பல ஆயிரம் குழந்தைகள் வளர்ந்தார்கள். இப்போது அறுபது வயதுக்குப் பக்கத்தில் இருக்கும் அவர்களில் பலர் அந்த நாட்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். ஓமா இதை ஒரே ஒரு முறைதான் சொன்னார். "வெள்ளிக்கிழமை என்னிடம் வர மாட்டான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னை விட மாட்டான்." சொல்லிவிட்டு மேசை விரிப்பில் இருந்த ரொட்டித் துகளை ஒவ்வொன்றாக விரல் நுனியில் ஒற்றி எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டு வேலையும் அப்படித்தான். மாதத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு "வீட்டு நாள்" என்று ஒரு விடுப்பு, ஹவுஸ்ஹால்ட்ஸ்டாக், 1952 முதல் இருந்தது. திருமணமான பெண்களுக்கு, தாய்மார்களுக்கு, பிறகு 40 வயது கடந்த தனிப் பெண்களுக்கும். ஆணுக்கு, மனைவி நோயில் கிடந்தாலோ, தனியாகக் குழந்தை வளர்த்தாலோ மட்டும். பெண்ணுக்குச் சலுகை என்றுதான் கொடுத்தார்கள். ஆனால் துவைப்பதும் துடைப்பதும் யார் வேலை என்று அரசே முத்திரை குத்திக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டதே! 1965 குடும்பச் சட்டம், வீட்டு வேலையிலும் குழந்தை வளர்ப்பிலும் கணவன் மனைவி இரண்டு பேருக்கும் பங்கு என்றது. ஓமாவின் கணவர் நல்லவர்தானாம், நிலவறையிலிருந்து கரிக்கட்டியை மேலே தூக்கி வந்து தருவாராம். அடுப்பு மூட்டுவது, சமைப்பது, துணி வெளுப்பது, கடையில் வரிசையில் நிற்பது எல்லாம் ஓமா. "என் வீட்டு நாளில் நான் ஜன்னல் துடைப்பேன், அவர் மீன் பிடிக்கப் போவார்" என்றார். மேலேயும் அதே கதை. நாற்பது ஆண்டுகளில் ஆளும் கட்சியின் உச்சக் குழுவான பொலிட்பீரோவில் ஒரு பெண்கூட முழு உறுப்பினராக இருந்ததில்லை.

1989 அக்டோபர் 9 அன்று அந்த ஆட்சியை எதிர்த்து எழுபதாயிரம் பேர் இந்த ஊர் தெருவில் இறங்கினார்கள். ஓமாவும் போனார். அதில் அவருக்குப் பெருமை உண்டு, கொஞ்சமும் வருத்தம் இல்லை. ஆனால் இரண்டு ஜெர்மனியும் இணைந்த பிறகு வந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆலைகள் விற்கப்பட்டன, மூடப்பட்டன. பெண்கள் நிறைந்த நெசவும் நூற்பும் முதலில் போயின. மில் காப்பகம் மில்லோடு போயிற்று. ஐம்பது வயதில் ஓமாவை முதியோர் பராமரிப்புக்கு மறுபயிற்சி எடுக்கச் சொன்னார்கள். எடுத்தார். வேலை ஒன்றரை வருடம் இருந்தது. அந்த ஆண்டுகளில் கிழக்கே பிள்ளை பெறுவதே கிட்டத்தட்ட நின்றுபோயிற்று. 1989-ல் சுமார் 2 லட்சம் குழந்தைகள் பிறந்த பகுதியில் 1994-ல் 80 ஆயிரம்கூடப் பிறக்கவில்லை. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.77 குழந்தை. போர்க்காலம் இல்லாத ஒரு நாட்டில் இப்படி ஒரு எண்! நாளை வேலை இருக்குமா, காப்பகம் இருக்குமா என்று தெரியாதவள் எதை நம்பிப் பெறுவாள்? இளம் பெண்கள் பலர் மேற்கே போய்விட்டார்கள். திரும்பி வரவில்லை.

இருந்தும் ஒன்று மட்டும் போகவில்லை. தாய் என்றால் வேலைக்குப் போகிறவள் என்ற நினைப்பு. இன்றும் கிழக்கில் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் கிட்டாவில் இருக்கிறார்கள், மேற்கில் மூன்றில் ஒரு பங்கு. ஆண் பெண் சம்பள வித்தியாசம் 2023-ல் மேற்கே 19 சதவீதம், கிழக்கே 7. (இங்கே ஆண்களின் சம்பளமே குறைவு என்பதும் அதற்கு ஒரு காரணம்.) என் அலுவலகத்தில் அந்த வித்தியாசத்தைத் தினமும் பார்க்கிறேன். நாலரைக்கு நான் கிளம்பும்போது எவரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

சரி, எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

ஸ்டுட்கார்ட்டில் இருந்தபோது, கல்யாணமானவர்கள் எல்லோரும் செய்வது என்று நண்பர்கள் சொல்லி, கணவர் மூன்றாம் வரி வகுப்பும் நான் ஐந்தாம் வரி வகுப்பும் எடுத்தோம். மாதாமாதம் கைக்கு வரும் மொத்தத் தொகை கொஞ்சம் கூடும். ஆனால் அவர் சம்பளத்தில் பிடித்தம் குறைந்து, என் சம்பளத்தில் பிடித்தம் ஏறும். வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தால் இரண்டு பேரும் சேர்ந்து கட்டும் வரி ஒன்றுதான். பிள்ளை பிறந்ததும்தான் உறைத்தது: பெற்றோர் உதவித்தொகையான எல்டர்ன்கெல்ட், பிடித்தம் போக வந்த சம்பளத்தில் சுமார் 65 சதவீதம். என் நிகரச் சம்பளம் காகிதத்தில் குறைந்திருந்ததால் மாதம் முந்நூறு யூரோவுக்கு மேல் எனக்குப் போயிற்று. வேலை போனால் வரும் உதவித்தொகைக்கும் இதே கணக்குதான். ஜெர்மனிக்கு வரும் தம்பதிகளுக்கு நான் முதலில் சொல்வது இது: இரண்டு பேருக்கும் ஒரே விதமாக வரி பிடிக்கும் நான்காம் வகுப்பில் இருங்கள். பிள்ளைப்பேற்றுக்காக மாற்றுவதென்றால் பிரசவ விடுப்பு தொடங்குவதற்கு ஏழு மாதம் முன்பே மாற்றியிருக்க வேண்டும். அதாவது கர்ப்பம் தெரிந்த அன்றே போங்கள்.

2022-ல் இரண்டாவது பையன். இந்தத் தடவை வகுப்பை மாற்றியிருந்தோம். பதினான்கு மாத உதவித்தொகையில் எட்டு எனக்கு, ஆறு அவருக்கு. கணவரின் மேலாளர் மேற்கிலிருந்து வந்தவர். "ஆறு மாதமா? உங்கள் மனைவி இல்லையா?" என்று கேட்டாராம். பெற்றோர் விடுப்பை ஏழு வாரம் முன்பு எழுத்தில் சொன்னால் போதும், மறுக்க முடியாது. எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த கலக்கம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தக் கலக்கத்தோடேதான் எழுதிக் கொடுத்தார், அதனால்தான் எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது.

ஆறு மாதம் விடுப்பு எடுத்ததால் எல்லாம் மாறிவிடவில்லை. கிட்டாவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எனக்குத்தான் போன் வரும். படிவத்தில் அவர் எண்ணை முதலில் எழுதினோம். அப்போதும் எனக்கே வந்தது. தாய்மார் வேலைக்குப் போவதைச் சாதாரணமாக நினைக்கும் இந்த ஊரிலும், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் அம்மாதான்! கடைசியில் என் எண்ணை அடித்துவிட்டு அவர் எண் மட்டும் கொடுத்தோம். உடம்பு சம்பந்தப்பட்ட எல்லாம் இப்போது அவர் பொறுப்பு: தடுப்பூசிப் புத்தகம், மருத்துவர் தேதி, மருந்து தீர்ந்ததா என்ற நினைப்பு உட்பட. பிள்ளை நோய்க்கு ஒவ்வொரு பெற்றோருக்கும் குழந்தைக்கு வருடம் 15 நாள் தருகிறார்கள், அவர் நாட்கள்தான் முதலில் தீரும். முன்பெல்லாம் "நான் என்ன உதவி பண்ணட்டும்?" என்று கேட்பார். அந்தக் கேள்வியே எனக்கு ஒரு வேலை என்று புரியவைக்க இரண்டு வருடம் ஆயிற்று. ஒரு வேலையை முழுதாகக் கை மாற்றினால்தான் அது நம் தலையை விட்டு இறங்குகிறது. அவர் செய்கிற விதம் எனக்குப் பிடிக்காதபோது வாயை மூடிக்கொள்வதை நானும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

பிரசவத்துக்கு அம்மா வந்திருந்தார். மில்லில் கோன் வைண்டிங்கில் முப்பது வருடம் நின்ற கை அவருடையது. "இத்தனூண்டு கொழந்தைய எப்பிடிக் கண்ணு கொண்டுபோய் விடறது?" என்று முதல் நாளே ஆரம்பித்தார். "நீ மில்லுக்குப் போனப்ப என்னை எங்கம்மா விட்டே?" என்றேன். "ஆத்தா இருந்தாங்கல்ல" என்றார். ஆம், ஆத்தா இருந்தார். தன் ஆயுளில் சம்பளம் என்று ஒரு ரூபாய் பார்க்காத ஆத்தா. அம்மா வேலைக்குப் போக அவர் வீட்டில் இருந்தார்.

அம்மாவையும் ஓமாவையும் ஒரு நாள் பழைய மில்லுக்குக் கூட்டிப் போனேன். இப்போது அங்கே ஓவியக்கூடங்கள். நியோ ரவுக் போன்ற பெரிய ஓவியர்களின் பட்டறை எல்லாம் அங்கேதான். அம்மா படத்தைப் பார்க்கவில்லை, மேலே கூரையைப் பார்த்தார், தூணைத் தொட்டார். ஓமா ஓரிடத்தில் நின்று, இங்கேதான் என் மெஷின் என்று கையால் காட்டினார். வெளியே காபி குடிக்கும்போது ஓமா தன் கம்பளிச் சட்டையின் கையிலிருந்து பிரிந்து தொங்கிய நூலைப் பிடுங்கி இரண்டாக அறுத்தார். இரண்டு முனையையும் கட்டை விரலிலும் ஆட்காட்டி விரலிலும் பிடித்து, ஒரு சுற்று, ஒரு இழுப்பு. முடிச்சு கண்ணுக்கே தெரியவில்லை. அம்மா அதை வாங்கினார், பல்லால் கடித்து அறுத்தார், அதே முடிச்சை இடது கைப்பக்கமாகப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஓமா உற்றுப் பார்த்துவிட்டு மறுபடியும் அறுத்தார். காபி ஆறிப்போகும் வரை இதையே செய்தார்கள். நான் மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் என் கணவர் விடுப்பில் இருந்தபோது, பையனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு படியடியில் ஓமாவைப் பார்த்திருக்கிறார். பிள்ளையை யார் பார்க்கிறார்கள், சமையல் யார் என்றெல்லாம் ஓமா கேட்கவில்லை. "ஜன்னலை யார் துடைப்பது?" என்று கேட்டாராம். இவர் விழித்திருக்கிறார். எங்கள் வீட்டில் அது என் வேலை என்பதுகூட அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து அவர் துடைக்கிறார்.

போன வருடம் ஓமாவே ஒரு நாள், உனக்கு வருடாவருடம் ஓய்வூதியக் கணக்குக் கடிதம் வருமே, எடுத்து வா என்றார். நான் பிரிக்காமலே கோப்பில் போட்டு வைத்திருந்தேன். அவர் எதற்குக் கேட்கிறார் என்று பிறகு புரிந்தது. மேற்கில் 1977 முதல், பிரிந்த கணவனின் ஓய்வூதியத்தில் மனைவிக்குப் பங்கு உண்டு. கிழக்கில் 1992-க்கு முன் பிரிந்த பெண்களுக்கு அந்தப் பங்கு கிடைக்கவில்லை. அந்தப் பெண்கள் முப்பது வருடமாகப் போராடினார்கள், ஐ.நா. வரைக்கும் போனார்கள். இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓமா சில வருடம் குறைந்த நேர வேலை பார்த்தது இன்றும் மாதாமாதம் அவர் தொகையில் தெரிகிறது.

இரண்டு கடிதத்தையும், என்னுடையதையும் கணவருடையதையும், சமையலறை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். 67 வயதில் எதிர்பார்க்கக்கூடிய தொகை என்று ஒரு வரி இருக்கும். ஓமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு வரியிலும் ஒவ்வொரு விரலை வைத்தார். ஒரே படிப்பு, ஒரே வருட வேலை, இரண்டு பிள்ளைகள். என் தொகை குறைவு. பிள்ளை வளர்ப்புக்காக ஒரு குழந்தைக்கு மூன்று வருடம் என் கணக்கில் சேர வேண்டும், அதற்கு விண்ணப்பம் போட வேண்டும் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது. அந்த வாரமே போட்டேன். அதற்கு மேலும் இருந்த வித்தியாசத்துக்குக் கணவர் தன் கணக்கிலிருந்து மாதம் 150 யூரோ என் பெயரில் உள்ள சேமிப்புக்குப் போகும்படி வங்கியில் எழுதி வைத்தார். ஒவ்வொரு மாதமும் மூன்றாம் தேதி போகிறது.